முழங்கால் மாற்றிய பின்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நடனமும் நாடகமும் நிறைந்த ஆண்டு விழாவில், இடையே ஒரு மருத்துவனை நிறுத்திக் காலில் உறையும் இரத்தத்தைப் பற்றிப் பேசுக என்று பணித்த செயலாளரின் துணிவை முதற்கண் பாராட்டுகிறேன். அடுத்து வரவிருக்கும் நாடகத்திற்காக முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு சின்னஞ்சிறார் திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையை நெடுநேரம் சோதிக்க மாட்டேன். எனினும், எடுத்துக்கொண்ட பொருள் நம் வீட்டுப் பொருள். இவ்வரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோருள் முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர் சிலர். மாற்றிக்கொள்ள நாள் பார்த்துக்கொண்டிருப்பவர் பலர்.

தேய்ந்த மூட்டுக்குப் பதிலாக உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன மூட்டைப் பொருத்தும் கலை பழமையானது அன்று. இங்கிலாந்தில், ரைட்டிங்டன் மருத்துவமனையில், பிராங்க் கன்ஸ்டன் என்பார் 1968இல் செய்தது அதன் தொடக்க முயற்சிகளுள் ஒன்று. 1974ஆம் ஆண்டளவில் நியூயார்க் நகரில் ஜான் இன்சால் முதலியோர் உருவாக்கிய மூட்டே இன்று பரவலாகப் பொருத்தப்படும் மூட்டுகளுக்கு மூதாதை. அவ்வாக்கத்திற் பங்குகொண்டவருள் ஒருவர், இந்தியாவிற் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத். 2000ஆம் ஆண்டு அக்டோபரில், அந்நாள் பிரதமர் வாஜ்பாய் அவர்களின் இடது முழங்காலையும், 2001 ஜூனில் வலது முழங்காலையும் மும்பையில் மாற்றியவரும் அவரே. அதன்பின் இச்சிகிச்சையின் பெயர் நாடெங்கும் வீட்டுப் பேச்சாயிற்று. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. முன்பு செல்வர்க்கே உரியதாயிருந்த சிகிச்சை, ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களுக்கும் எட்டுவதாயிற்று. இதில் எனக்கு மகிழ்ச்சியே. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த பாட்டி, மூன்று மாதத்தில் மலை மந்திர் படிகளில் ஏறுவதைக் காணும்போது மகிழாதார் யார்?

ஆயினும் மருத்துவமனை வாயிலைக் கடந்து வீட்டுக்கு வந்த பின்னரும் ஓர் இடர் உடன் வருகிறது. புண் ஆறுவதையும் தையல் பிரிப்பதையும் எல்லாரும் கவனிக்கிறோம். அது கண்ணுக்குத் தெரிவது. நான் சொல்லும் இடரோ தோலுக்கு அடியில், கெண்டைக்காலின் ஆழத்தில் நிகழ்வது.

நம் உடலில் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்றும், மீட்டுக் கொணரும் குழாய்களைச் சிரைகள் என்றும் வழங்குகிறோம். கீழே இறங்குவது எளிது. மேலே ஏறுவதன்றோ கடினம்! பாதத்திலிருந்து இதயம் வரை இரத்தம் எப்படி ஏறுகிறது? சிரைகளுக்குள்ளே சிறு கதவுகள் உள்ளன. அவை மேல்நோக்கித் திறக்கும், கீழ்நோக்கி மூடிக்கொள்ளும். பதுவா நகரப் பேராசிரியர் பாப்ரிசியஸ் 1603இல் இக்கதவுகளை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவை எதற்காக இருக்கின்றன என்பதை அவர் சரிவர உணரவில்லை. அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, 1628இல் இரத்த ஓட்டத்தைப் பற்றிய தம் நூலில் அதற்கு விடை கண்டார். கதவு இருந்தால் போதுமா? தள்ளுவதற்கு ஓர் ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைத் தருவது கெண்டைக்கால் தசை. நாம் அடியெடுத்து வைக்கும்தோறும் அத்தசை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது. இரத்தம் ஒரு கதவு மேலே ஏறுகிறது. கெண்டைக்காலை உடலின் இரண்டாம் இதயம் என்று மருத்துவர் கூறுவது இதனாலேயே. முதல் இதயம் நாம் உறங்கும்போதும் உழைக்கும். இரண்டாம் இதயம் நாம் அசைந்தாலன்றி உழைக்காது. இந்த ஒரு வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப் போவதிற் பாதி தானே விளங்கிவிடும்.

ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ப் விர்ச்சோ, நுரையீரலில் அடைத்துக்கொண்டு உயிரைப் போக்கும் இரத்தக்கட்டிகள் அங்கேயே தோன்றியவை அல்ல, கால் முதலிய இடங்களிற் பிறந்து இரத்த ஓட்டத்தோடு பயணம் செய்து வந்தவை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைநாட்டினார். 1856இல் அவருடைய கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. குழாய்க்குள்ளே இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் என்று இன்று அவர் பெயராலேயே மாணவர் பாடம் படிக்கின்றனர். ஓட்டம் தளர்வது ஒன்று. குழாயின் சுவர் ஊறுபடுவது ஒன்று. இரத்தமே எளிதில் உறையும் தன்மையை அடைவது ஒன்று.

முழங்கால் மாற்றும் அறுவையில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன என்பதைக் கருதிப் பாருங்கள். பல அறுவைகளில் தொடையைச் சுற்றிக் காற்றுப் பட்டையைக் கட்டி, காலுக்குள் இரத்தம் வாராதபடி நிறுத்துகிறார்கள். காலை மடக்கியும் முறுக்கியும் வேலை செய்கிறார்கள். இதனால் முழங்காலுக்குப் பின்னே செல்லும் சிரை நசுங்குகிறது. எலும்பை அறுக்கும்போது மச்சையிலிருந்தும் தசையிலிருந்தும் வெளிப்படும் பொருள்கள் இரத்தத்தை உறையத் தூண்டுகின்றன. அறுவை முடிந்தபின் வலியால் கால் அசைவதில்லை. இவ்வளவிற்கும் யாருடைய குறையும் காரணமன்று; திறமை மிக்க கைகள் செய்த அறுவையிலும் இவை உண்டு. தடுப்பு முறைகள் இல்லாத காலத்தில், சாயம் செலுத்திச் சிரைகளை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தபோது, முழங்கால் மாற்றிக்கொண்டவருள் 100க்கு 40 பேருக்கும் மேற்பட்டோர் காலில் உறைவு காணப்பட்டது. அஞ்ச வேண்டா. அவற்றுட் பெரும்பாலானவை கெண்டைக்காலளவில் நிற்கும் சிறு உறைவுகள், தாமே கரைந்துவிடுபவை. தடுப்பு மருந்து தரப்படும் இந்நாளில், வெளிப்படையான துன்பம் தரும் உறைவு 100க்கு ஒருவர் இருவர்க்கே நேர்கிறது. ஆனால் அந்த ஒருவர் நம் தாயாகவோ தந்தையாகவோ இருக்கும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. தொடை வரை வளர்ந்த உறைவிலிருந்து ஒரு துண்டு பிரிந்தால், அது இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரலின் குழாயை அடைக்கும். சில வேளை நிமிடங்களில் உயிர் போகும்.

இது மேலைநாட்டார்க்கு வரும் நோய், நம் நாட்டவரை அண்டாது என்றொரு கருத்து நம் மருத்துவரிடையேயும் நெடுநாள் நிலவிற்று. தேடிப் பார்க்கத் தொடங்கிய பின்னர் அக்கருத்து தளர்ந்துவிட்டது.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அறுவை முடிந்து மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முழங்கால் அறுவைக்குப் பின் உறைவு தன்னை வெளிக்காட்டுவதோ பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்; அதன் இடர் ஏறத்தாழ மூன்று மாதம் வரை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே உறைவு வெளிப்படும் நேரத்தில் அருகில் இருப்பவர் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். நீங்கள்தாம்.

வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? அன்பு செய்கிறோம். அந்த அன்புதான் எனக்குக் கவலை தருகிறது. "அம்மா, நீங்கள் எழுந்திருக்கவே கூடாது" என்கிறான் மகன். "அத்தை, எல்லாம் கட்டிலுக்கே கொண்டுவந்து தருகிறேன்" என்கிறாள் மருமகள். நலம் கேட்க வரும் பக்கத்து வீட்டார், "பெரிய ஆப்பரேஷன் ஆயிற்றே, மாமி! மூன்று மாதம் காலைத் தரையில் வைக்காதீர்கள்" என்று அறிவுரை சொல்லிவிட்டு, காப்பி அருந்திப் போகிறார்கள். பெற்றோரைப் படுக்கையிற் கிடத்தி வைப்பதே பணிவிடை என்று நாம் எண்ணுகிறோம். இந்த அறுவைக்குப் பிறகு அது பணிவிடை அன்று. இரண்டாம் இதயத்தை நிறுத்தி வைப்பது அது.

இத்தலைநகரின் குளிரும் இதற்குத் துணை போகிறது. வியர்வை இல்லாத பருவம் புண்ணுக்கு நல்லது என்று நம்மிற் பலர் அறுவையை மார்கழி தை மாதங்களிலேயே வைத்துக்கொள்கிறோம். அப்போது ரஜாயை விட்டு வெளியே காலை நீட்ட யாருக்கு மனம் வரும்? தெற்கிலிருந்து வந்த முதியவர்க்குச் சொல்லவே வேண்டா. நீர் அருந்துவதும் குறைந்துபோகிறது. குளிரால் மட்டுமன்று. நீர் அருந்தினால் கழிப்பறைக்கு எழ வேண்டும், எழுந்தால் வலிக்கும், ஒருவரை உதவிக்கு அழைக்க வேண்டும், அலுவலகத்திற்குப் புறப்படும் மருமகளை ஏன் தொல்லைப்படுத்துவது என்று நம் தாய்மார்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நீங்களாகவே கண்டறிய வேண்டும்.

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிறுத்தி நடக்க வைப்பதே இன்றைய முறை. வீட்டுக்கு வந்தபின் அதைக் கைவிடலாகாது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து முறையாவது பாதத்தை மேலும் கீழும், தையல் இயந்திரத்தை மிதிப்பதுபோல் அசைக்க வேண்டும். நம் அன்னையர்க்கு இந்த உவமை ஒன்று போதும்; படம் வேண்டா. சுவர்க் கடிகாரம் மணி அடிக்கும்போதோ, தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போதோ அசைப்பது என்று வைத்துக்கொண்டால் மறதி நேராது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் அடிக்கடி சிறுநடை நடக்க வேண்டும். முழங்காலின் அடியில் தலையணை வைத்து மடக்கிக்கொண்டு மணிக்கணக்கிற் படுத்திருப்பது இதமாய் இருக்கும். ஆனால் மூட்டு நிமிராமற் போவதற்கும் இரத்தம் தேங்குவதற்கும் அது வழி செய்யும். தலையணை வேண்டுமாயின் குதிகாலின் பக்கம் வையுங்கள்.

இங்கே ஒரு சிறு செய்தி. வடநாட்டு மருத்துவமனையில் மருத்துவர் இந்தியில் சொல்கிறார். அம்மையாருக்குத் தமிழ் ஒன்றே தெரியும். மகன் பாதியைக் கேட்டுக் கால்வாசியை மொழிபெயர்க்கிறான். நம் நல்லூழ், பல இடங்களில் மலையாள நாட்டுச் செவிலியர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு பாட்டிக்குப் புரிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தபின் அந்த உதவியும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டோ ஆங்கிலத்தில். அதை நல்ல தமிழிற் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைக்க நம் சங்கத்து இளைஞர் முன்வரலாகாதா? நலம் கேட்கப் போகிறவர்களும் உட்கார்ந்து பேசுவதற்குப் பதில், அவரைக் கூடத்தில் நான்கு முறை நடத்திக்கொண்டே பேசினால் அதைவிடச் சிறந்த நலவிசாரிப்பு வேறில்லை.

இனி அடையாளங்கள். அறுவை செய்த கால் சில வாரங்கள் வீங்கித்தான் இருக்கும். முழங்காலைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாய் நிறம் மாறுவதும் இயல்பே. இந்த வீக்கம் காலையிற் குறைந்து மாலையிற் கூடும். காலை உயர்த்தி வைத்தால் தணியும். ஆனால் குறைந்துவந்த வீக்கம் திடீரென்று கூடினால், கெண்டைக்கால் கல்போல் இறுகி வலித்தால், தொட்டால் வெம்மையாக இருந்தால், பாதம் முதல் தொடை வரை கனத்தால், "ஆப்பரேஷன் வலிதான்" என்று சொல்லித் தேற்றிவிடாதீர்கள். அறுவை செய்யாத காலில் இவை தோன்றினாலும் அப்படியே. சில வேளை எந்த அடையாளமும் இன்றி உறைவு இருக்கும் என்பதையும் மறைக்காமற் சொல்கிறேன். ஐயம் தோன்றினால் டாப்ளர் ஸ்கேன் என்னும் சோதனை செய்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. கருவியால் காலை அழுத்திப் பார்த்து, அமுங்காத சிரையில் உறைவு உண்டென்று அறிகிறார்கள். திடீர் மூச்சுத் திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் இரத்தம், மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் ஸ்கேனுக்கு முன்பதிவு செய்துகொண்டிருக்க வேண்டா. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். "வாயு பிடிப்பு" என்று பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்துக் காலம் போக்குவது கூடாது.

எண்ணெய் பூசி உருவிவிடும் வழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே பேச விரும்புகிறேன். கால் வலி என்றதும் நல்லெண்ணெயையோ தைலத்தையோ காய்ச்சிக் கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக நீவிவிடுவது நம் வீடுகளிற் பாட்டி காலத்துப் பழக்கம். மாலிஷ் செய்பவரை வீட்டுக்கு வரவழைப்பதும் இந்நகரில் எளிது. நலமுள்ள காலுக்கு அது சுகம், மறுக்கவில்லை. உறைவு இருக்கும் காலிலோ, சுவரிற் பற்றியிருக்கும் கட்டியை நாமே கையாற் பெயர்த்து நுரையீரலுக்கு வழியனுப்பி வைப்பதாகும். அறுவைக்குப் பின் மூன்று மாதம் கெண்டைக்காலில் யாரும் கை வைத்து அழுத்த வேண்டா. பயிற்சி தர வரும் பிசியோதெரபிஸ்ட் செய்வது வேறு. அவர் தசையை இயங்க வைக்கிறார், பிசைவதில்லை.

தடுப்பு மருந்துகளின் வரலாறு சுவையானது. பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1916இல் அதற்கு நேர்மாறான பொருளைக் கண்டார். கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹெப்பாரின் என்று பெயர் வந்தது. இன்று வயிற்றுத் தோலில் போடும் எனாக்ஸபாரின் ஊசி அதன் வழிவந்ததே. மற்றொன்றின் கதை மாட்டுக் கொட்டிலில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்கப் புல்வெளிகளில், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நில்லாமல் மாண்டன. 1933இல் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், செத்த கன்றையும் உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும் கெட்ட புல்லையும் வண்டியிலேற்றிக்கொண்டு, பனிப்புயலில் மாடிசன் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்னும் பேராசிரியரின் கூடத்தில் 1939இல் அந்த நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் உறவான வார்பரின் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. மறு ஆண்டே மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர்க்கு அது தரப்பட்டது. எலிப்பாஷாணம் என்று முகம் சுளித்து மாத்திரையை ஒதுக்கும் தாத்தாக்களுக்கு இக்கதையைச் சொல்லலாம். அல்லது சொல்லாமலும் விடலாம். உங்கள் தாத்தாவை நீங்களே அறிவீர்கள்!

இன்று ரிவராக்ஸபான், அபிக்ஸபான் முதலிய மாத்திரைகளும் வழக்கில் உள்ளன. முழங்கால் அறுவைக்குப் பின் இத்தடுப்பு பொதுவாக 10 முதல் 14 நாள் வரை. சிலர்க்கு 35 நாள் வரை. "எதிர்வீட்டுக்காரர்க்கு ஆஸ்பிரின் மட்டுமே தந்தார்களே, எங்களுக்கு ஏன் இந்த விலையுயர்ந்த மருந்து?" என்று என்னைக் கேட்டவர் உண்டு. 2018இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வில், முதல் 5 நாள் ரிவராக்ஸபான் தந்து பின்பு ஆஸ்பிரினுக்கு மாறியது தாழ்வாகத் தெரியவில்லை. 2022இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்விலோ, தொடக்கம் முதலே ஆஸ்பிரின் மட்டும் பெற்றவருள் 100க்கு 3.45 பேர்க்கும், எனாக்ஸபாரின் பெற்றவருள் 1.82 பேர்க்கும் உறைவின் அறிகுறிகள் தோன்றின. முன்பு உறைவு வந்தவரா, புற்றுநோய் உடையவரா, உடல் பருத்தவரா, இரத்தக் கசிவு நோய் உள்ளவரா என்று ஆளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்கிறார். எதிர்வீட்டுச் சீட்டு உங்கள் சீட்டு ஆகாது.

வீட்டிற் கவனிக்க வேண்டியது, மருந்தை நாள் தவறாமல் முடிப்பது. புண் காய்ந்தது, நன்றாக நடக்கிறார் என்று ஏழாம் நாளில் நிறுத்திவிடும் வீடுகள் பல. மாத்திரை புண்ணுக்காக அன்று. இதனோடு கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகளைச் சேர்த்தால் வயிற்றில் இரத்தம் கசியும். மலம் கறுத்துப் போனாலும், ஈறு கசிந்தாலும், கீழே விழுந்து தலையில் அடிபட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வார்பரின் உண்பவர்க்கு மட்டும் கீரை ஒரு சிக்கல். அதிலுள்ள கே வைட்டமின் மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். கீரையை விலக்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல், அளவாக ஒரே சீராக உண்ண வேண்டும்.

பயணம் நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கே உரிய கவலை. உறவினர் துணை இருக்கும் என்று சென்னையிலோ கோவையிலோ அறுவை செய்துகொண்டு, விடுமுறை தீர்ந்ததும் மகனோடு தில்லிக்குத் திரும்புகிறார்கள். சென்னையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. இராஜதானி வண்டிக்கே ஒரு நாளுக்கு மேலாகிறது. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து செல்லும் பயணம் உறைவின் இடரை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக நல நிறுவனம் 2007இல் அறிவித்தது. நலமுள்ளவர்க்கு அது 6,000 பேரில் ஒருவர்க்கு நேரும் சிற்றிடரே. புதிதாக முழங்கால் மாற்றியவர்க்கு அவ்வாறன்று. முதல் ஆறு வாரத்திற்குள் நெடும்பயணம் வேண்டா; தவிர்க்க முடியாதெனில் அறுவை செய்த மருத்துவரைக் கேட்டு, மருந்துடன் புறப்படுங்கள். வண்டியிலும் பாதத்தை அசைத்துக்கொண்டே வரட்டும். பேரனின் பூணூல் கல்யாணத்திற்கும் பேத்தியின் வளைகாப்புக்கும் நாள் குறிப்பவர்கள் இந்த ஆறு வாரத்தை மனத்திற்கொண்டு குறித்தால் நன்று.

இறுதியாக, மற்றைய முழங்கால். ஒரு கால் மாற்றியவர் ஓரிரு ஆண்டில் மறு காலுக்கும் வருகிறார். முதல் முறை வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் செய்திருப்பார். அப்போது உறைவு நேர்ந்திருந்தால், அதுவே மறுமுறையும் நேரக்கூடும் என்பதற்கு வலுவான அடையாளம். இதை வாயாற் சொல்ல மறந்துவிடுவார்கள். சிலர் அறுவையைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்று அஞ்சிச் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். தள்ளிவைக்க மாட்டார்கள், மருந்தை அதற்கேற்ப மாற்றி, நாளை நீட்டித் தருவார்கள். பழைய சீட்டுகளையும் ஸ்கேன் தாள்களையும் ஓர் உறையிலிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருங்கள். முதல் நாள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போதே அவ்வுறை கையில் இருக்கட்டும்.

சிறுவர் நாடகத்திற்கு மணி அடித்துவிட்டார்கள்.